முதல் மாதம் மீன் வேண்டாம்: வீட்டில் மீன்தொட்டி வைக்க முழுமையான வழிகாட்டி

சென்னை கொளத்தூர் மீன் கடைத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் நின்றால் போதும், இந்தக் காட்சி கண்ணில் படும். அப்பா கையில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அம்மா கையில் கல்லும் பிளாஸ்டிக் செடியும் போட்ட பை. பிள்ளை கையில், காற்று அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட கவரில் ஏழெட்டு மீன். எல்லாம் ஒரே ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போகும். அடுத்த ஞாயிறு அந்த அப்பா மட்டும் தனியாக வருவார்.

நானும் அப்படித் தனியாகப் போய் நின்றவன்தான். மகளின் பிறந்தநாளுக்கு ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் நான்கு கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்கினேன். ஒன்பதாவது நாள் கடைசி மீனைத் துளசித் தொட்டியில் புதைத்துவிட்டு, அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "தண்ணி சேரலை சார், அதான்" என்றார். சமாளிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பது பிறகுதான் புரிந்தது. என்ன, விற்கும்போதே சொல்லியிருக்கலாம்.

தண்ணீர் "சேர" ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. இதற்குப் பொறுமை இருந்தால் மீன் வளர்ப்பில் முக்கால்வாசி வேலை முடிந்தது.

சேர்வது என்றால் என்ன?

மீன் கழிவை வெளியேற்றுகிறது. செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியேறுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அம்மோனியாதான். குளத்திலும் ஆற்றிலும் அது கரைந்து காணாமல் போய்விடும். ஐம்பது லிட்டர் தண்ணீரில் எங்கே போகும்? அங்கேயே தங்கி மீனின் செவுளைப் பொசுக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து "பசிக்குது போல" என்று இன்னும் கொஞ்சம் உணவு போடுவோம். அது பசி இல்லை, மூச்சுத் திணறல்.

இதைத் தின்பதற்கென்றே பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் அதுவும் குறையும். பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் குழம்ப வேண்டாம்: "ரைட்" ஆளைக் கொல்லும், "ரேட்" பொறுத்துக்கொள்ளும்.

இந்தக் கூட்டம் பெருகப் பாலைத் தயிராக்குவதைவிட அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். புதுத் தொட்டி என்பது உறை ஊற்றாத பால்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் தலைவலி. அம்மோனியா எவ்வளவு விஷம் என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் சுமார் 0.8 சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் சுமார் 7.5 சதவீதம். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் எட்டை ஒட்டித்தான் இருக்கும். குளிர் நாட்டுக்காரர் ஒருவர் வீடியோவில் "கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பரவாயில்லை" என்று சொன்னால், அவருக்குப் பரவாயில்லை, நமக்கு இல்லை.

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்கிறோம். நேர்மாறு. தண்ணீர் அதிகமாக இருந்தால் நம் தவறுகள் மெதுவாகத்தான் தெரியும். திருத்த அவகாசம் கிடைக்கும். முதல் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் இருக்கட்டும். அளவைச் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும்: 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் கல்லும் போக, கையில் நிற்பது 45 லிட்டர். மருந்தோ உப்போ போடும்போது கணக்கு இந்த 45-க்குத்தான்.

தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும். டி.வி. ஸ்டாண்ட், பிளைவுட் டீப்பாய் எல்லாம் வேண்டாம். இரும்பு ஸ்டாண்டோ கடப்பா கல் மேடையோ சரி. ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரு பக்கம் விரல் அளவு ஏறி நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் அரை இஞ்ச் தெர்மாகோல் கட்டாயம்; சின்ன மணல் துகள் ஒன்று அடியில் சிக்கினால்கூட அந்தப் புள்ளியில் கண்ணாடி விரியலாம்.

வாங்கியதும் பால்கனியில் வைத்து நிரப்பி ஒரு நாள் விடுங்கள். நான்கு மூலையிலும் பழைய நியூஸ் பேப்பர் துண்டு வைத்தால் ஒழுகல் உடனே தெரியும். கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசையில் புளித்த வினிகர் வாசனை அடித்தால் அது இன்னும் காயவில்லை. இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். சோப்பு மட்டும் எந்தக் காலத்திலும் கிட்டே வரக் கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நேர் வெயில் படாத சுவர் வேண்டும். வெயில் பட்டால் பாசி. பூஜை அறை, படுக்கை அறைக் கட்டில் பக்கம் இரண்டையும் தவிர்க்கச் சொல்வேன். காரணம் எளிது. ஏர் பம்பு அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சாம்பிராணி, கொசுவத்திப் புகை, கரப்பான் ஸ்பிரே எல்லாம் அதோடு உள்ளே போகும். பூச்சி மருந்து பலவும் மீனுக்கு நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு விஷம். வீட்டுக்கு மருந்து அடிக்க ஆள் வந்தால் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியும் பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டு மூடி, அறையை நன்றாகக் காற்றாட விட்ட பிறகுதான் திறக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர்?

மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின். லாரித் தண்ணீரில் கோடையில் இன்னும் தூக்கலாக இருக்கும், முகர்ந்தாலே தெரியும். குளோரின் கிருமியைக் கொல்வதற்காகப் போடுவது. நாம் வளர்க்கும் பாக்டீரியாவும் அதற்குக் கிருமிதான். வாய் அகன்ற பக்கெட்டில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்குக் கடையில் "ஆன்டி குளோரின்" கிடைக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். டப்பாவில் போட்டிருக்கும் அளவு போதும்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, உப்பு உண்டு. கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். எங்கள் வீட்டுப் போரில் மே மாதம் 1,100 காட்டும், மழைக்குப் பிறகு 700. இந்தத் தண்ணீரில் வளரும் மீன்கள் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

"அப்படின்னா ஆர்.ஓ. தண்ணியே ஊத்திடலாமே" என்று தோன்றும். செய்யாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கனிமம் பெரிதாக எதுவும் மிஞ்சாது. பி.எச். அளவைப் பிடித்து நிறுத்தும் கார்பனேட்டும் போய்விடும். கழிவு சேரச் சேர ஒரு நாள் பி.எச். சடாரென்று கீழே விழும், காலையில் எல்லா மீனும் கிடக்கும். போர் தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால் பாதிக்குப் பாதி கலக்குங்கள். டி.டி.எஸ். 1,100 உள்ள போர் தண்ணீரும் 50 உள்ள ஆர்.ஓ. தண்ணீரும் சம அளவு சேர்ந்தால் 575. கப்பி, பிளாட்டி மீன்களுக்குத் தாராளம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், விலக்கிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஃபில்டர்

கடையில் பளபளவென்று நிறைய இருக்கும். முதல் தொட்டிக்கு என் சிபாரிசு ஸ்பாஞ்ச் ஃபில்டர். பார்க்க அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஏர் பம்பிலிருந்து வரும் காற்று குழாய்க்குள் குமிழியாக மேலே ஏறும்போது ஸ்பாஞ்ச் வழியே தண்ணீரை இழுக்கிறது. அழுக்கு ஸ்பாஞ்சில் தங்கும். அதைவிட முக்கியம், நம் பாக்டீரியா அங்கேதான் குடியிருக்கும். குட்டி மீன் உள்ளே இழுபடாது, கெட்டுப்போக எதுவும் இல்லை, பம்பு மூன்று நான்கு வாட் மின்சாரம்தான் எடுக்கும். மோட்டார் வைத்த உள் ஃபில்டர்தான் வேண்டும் என்றால், மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல நான்கைந்து மடங்கு சுற்றுவதாகப் பாருங்கள்.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிடுங்கள். நான் தரையில் வைத்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கிப் பம்பை நனைத்து, ஹாலில் ஓடி, சோஃபாவுக்கு அடியில் தேங்கிவிட்டது. இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒருவழி வால்வு அதைத் தடுத்திருக்கும். வயர் பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலே ஏறும்படி விடுங்கள். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா சுவிட்சும் ஆஃப்.

ஹீட்டர் சென்னையில் தேவைப்பட்டதே இல்லை. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு மாதிரி ஊர் என்றால் வாங்குங்கள்.

கல், செடி, விளக்கு

ஆற்றுக் கூழாங்கல் ஆறேழு கிலோ போதும். கழுவும்போது கலங்கல் நிற்கும்வரை கழுவ வேண்டும், பத்து தடவைக்கு மேல் ஆகும். வெள்ளைப் பளிங்குக் கல், சங்கு, பவளம் எல்லாம் தண்ணீரில் கரைந்து கடினத்தை இன்னும் ஏற்றும். சந்தேகமாக இருந்தால் கல் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் வேண்டாம்.

பிளாஸ்டிக் செடிக்குப் பதில் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன் வையுங்கள். செடி அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உரமாக எடுத்துக்கொள்ளும். விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். விருந்தாளி வரும்போதெல்லாம் போட்டால் பாசிதான் மிச்சம்.

அந்த ஒரு மாதம்

தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டாயிற்று. இப்போது பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். வெறும் தொட்டியை ஒரு மாதம் ஓடவிட்டால் மட்டும் எதுவும் நடக்காது. நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். மீன் இருப்பதாகவே நினைத்துத் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் அம்மா "இல்லாத மீனுக்கு யாருடா சாப்பாடு போடுறது" என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

சொட்டு மருந்து மாதிரி வரும் டெஸ்ட் கிட் ஒன்று வேண்டும், அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்குமாவது. விலை கொஞ்சம் உறைக்கும். அந்தப் பணத்துக்கு இருபது மீன் வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அந்த இருபதும் செத்துத்தான் போகும். பெரும்பாலான கிட்களில் அம்மோனியாக் குழாய் மஞ்சளாக நின்றால் இல்லை என்று அர்த்தம், பச்சை ஏற ஏற அளவு கூடுகிறது.

முதல் வாரம் தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கும். கை வைக்காதீர்கள், தானே தெளியும். அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) பக்கம் ஏறும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அது இறங்கத் தொடங்கி நைட்ரைட் தலை தூக்கும். கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும், அதுவும் வழக்கம்தான். கடைசியில் ஒரு நாள் காலை அம்மோனியா, நைட்ரைட் இரண்டு குழாயும் பூஜ்யம் காட்டும். மறுநாளும், அதற்கு மறுநாளும், தீனி போட்ட பிறகும் அப்படியே இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. நம் வெக்கையில் பாக்டீரியா சுறுசுறுப்பாகப் பெருகும். நான்கு வாரத்தில் முடிந்துவிடுவதும் உண்டு, ஆறு வாரம் இழுப்பதும் உண்டு. பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

குறுக்கு வழி ஒன்றே ஒன்றுதான்: உறை. ஏற்கெனவே நல்ல தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கேளுங்கள். அதைக் காயவிடாமல் அவர் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு எடுத்து வந்து உங்கள் தொட்டியில் வைத்தால், ஒரு மாதம் பத்துப் பதினைந்து நாளாகக் குறையும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீரை வாங்கி வருவதில் பெரிய பயன் இல்லை. பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வாழ்வது, மிதந்துகொண்டு இருப்பதில்லை.

இதைப் படிப்பதற்குள் மீனும் வாங்கிவிட்டீர்களா? சரி, காப்பாற்றலாம். தினமும் 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள், உணவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்குங்கள், புது மீன் சேர்க்காதீர்கள். ஒரு மாதம் இப்படி ஓட்ட வேண்டும். கடினமான வேலை, ஆனால் முடியும்.

எந்த மீன்?

கடினத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்குக் கடவுள் கொடுத்தது கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில். மோலி உப்புத் தண்ணீரிலேயே பிழைக்கும். நான்கும் குட்டி போடும் வகை. இது மகிழ்ச்சியா தொல்லையா என்பது ஆறு மாதத்தில் தெரியும். ஒரு பெண் கப்பி ஏறத்தாழ மாதம் ஒருமுறை இருபது முப்பது குட்டி போடும், ஆண் இல்லாவிட்டாலும் சேமித்த விந்தை வைத்துப் பல மாதம் போட்டுக்கொண்டே இருக்கும். பெருக வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குங்கள். நிறமும் வாலும் அவற்றுக்குத்தான்.

ஜீப்ரா மீன் நம் நாட்டுக்காரர், கங்கை, பிரம்மபுத்திரா பக்கம். ஆறாகச் சேர்த்து விட்டால் நாள் முழுக்கத் துரத்தி விளையாடும். ஃபைட்டர் காற்றையும் சுவாசிக்கும், அதனால்தான் அதைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். பாட்டிலில் பிழைத்திருக்கும், அவ்வளவுதான். மூடி போட்ட இருபது லிட்டர் தொட்டியில் ஒற்றையாக விட்டுப் பாருங்கள், வேறு மீன் மாதிரி இருக்கும். நியான் டெட்ரா அமேசானின் மென்மையான தண்ணீருக்குப் பழகியது, 1,000 டி.டி.எஸ். தண்ணீரில் அதைப் போடுவது பாவம்.

கோல்ட் ஃபிஷ் பற்றி ஒரு வார்த்தை. அது கெண்டை இனம். நன்றாக வளர்த்தால் ஒரு ஜாண் ஆகும், பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். கழிவும் மற்ற மீன்களைவிட மிக அதிகம். வாஸ்துக்கு எட்டு தங்க நிறமும் ஒரு கருப்பும் வேண்டும் என்று இரண்டடித் தொட்டியில் ஒன்பதை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு நல்லது வருமோ என்னவோ, மீனுக்கு வராது. இரண்டுக்கு மூன்றடித் தொட்டியாவது வேண்டும், கிண்ணம் ஒருபோதும் வேண்டாம்.

"டேங்க் கிளீனர்" என்று கையில் திணிக்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அதிகமாக அசுத்தம் செய்யும். பெரிதானதும் மனம் வராமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அப்படித்தான் தென் அமெரிக்க மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் சும்மா வாங்கிக்கொள்வார்கள். எந்தக் காரணத்துக்கும் ஏரி, குளம், கிணற்றில் விடாதீர்கள். பளீர் பச்சை, ரோஸ் என்று ஊசியால் சாயம் ஏற்றிய கண்ணாடி மீனையும் வாங்காதீர்கள். அந்த ஊசியே அதற்கு எமன்.

இரண்டடித் தொட்டிக்கு என் கணக்கு: முதலில் ஆறு ஜீப்ரா. இரண்டு வாரம் கழித்து, அம்மோனியா ஏறவில்லை என்றால் ஆறு ஆண் கப்பியோ ஐந்து பிளாட்டியோ. அதோடு நிறுத்துங்கள். கடையில் ஒரே தொட்டியில் இருநூறு மீன் இருக்கிறதே என்றால், அவை அங்கே நான்கு நாள்தான் இருக்கப்போகின்றன.

கடையில் மீனை மட்டும் பார்க்காமல் அதே தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களையும் பாருங்கள். ஒன்று செத்துக் கிடந்தாலும், துடுப்பை ஒட்டி மடக்கி வைத்திருந்தாலும், கல்லில் உரசிக்கொண்டிருந்தாலும் அந்தத் தொட்டியில் எதுவும் வேண்டாம். "அண்ணே, இது என்ன தண்ணி, போரா மெட்ரோவா?" என்று கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுக் கவரை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு வாயைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் உள்ளே. முக்கால் மணி நேரம் ஆனதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், கவர் தண்ணீர் சாக்கடைக்கு. வசதி இருந்தால் புது மீனை இருபது லிட்டர் டப்பில் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். இந்தப் பழக்கம் ஒரே ஒரு முறை உங்கள் மொத்தத் தொட்டியையும் காப்பாற்றினால் போதாதா?

வாராந்திர வேலை

ஞாயிறு காலை அரை மணி நேரம். கால் பங்குத் தண்ணீரைச் சைஃபன் குழாயால் அடியிலிருந்து எடுங்கள். குழாயில் முதலில் தண்ணீரை நிரப்பிக்கொண்டால் வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். கல்லுக்குள் குழாயைக் குத்தும்போது பழுப்பாக எழும்புவதுதான் நைட்ரேட்டின் ஊற்று. எடுத்த தண்ணீரை மல்லிச் செடிக்கு ஊற்றுங்கள். எங்கள் மாடியில் கறிவேப்பிலை வளர்ந்த வேகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் உரத்தின் பெயர் கேட்டார்கள்.

ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், எடுத்த அந்தப் பக்கெட் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும். காபி டிகாக்‌ஷன் மாதிரி இறங்கும். குழாயடியில் பிடித்துப் பளிச்சென்று கழுவினால், ஒரு மாதம் காத்து வளர்த்த கூட்டத்தைக் குளோரினால் கொன்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கல்லை வெயிலில் காயவைத்து, கண்ணாடியைத் தேய்த்து மீண்டும் நிரப்பும் "பெரிய கிளீனிங்" நம் ஊரில் பலர் செய்வது. மீன் வருடக்கணக்கில் வாழாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் நான் பார்க்கவில்லை.

உணவு போடுவதில் கை தாராளம் நமக்கு. கோயில் குளத்தில் பொரி வீசிப் பழகிய கை. குளம் தாங்கும், தொட்டி தாங்காது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, காலையும் மாலையும். வாரம் ஒரு நாள் விரதம். தெருச் சாக்கடை ஓரத்தில் பிடித்து விற்கும் சிவப்புப் புழு மலிவுதான், கூடவே நோயும் இலவசம். மாடியில் வைத்த வாளியில் பிடித்த கொசுப்புழு எவ்வளவோ மேல், வலையில் வடித்து அன்றன்றே போட்டுவிட வேண்டும்.

வெயிலும் கரண்டும்

மே மாதம் என் தொட்டியில் 33 டிகிரி காட்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ தேவை கூடும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பில் சின்ன டேபிள் ஃபேன் காற்றுப் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், மண்பானை வித்தைதான். ஐஸ் பாட்டில் போடாதீர்கள், ஏறி இறங்கும் வெப்பம் அதைவிடக் கெடுதல். ஃபேன் போட்டால் தினமும் ஒரு சொம்பு குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே நிற்கும். எனவே குறைந்ததை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கோடை முடிவதற்குள் டி.டி.எஸ். எங்கோ போயிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளே படுத்துவிட்டது. மணிக்கு ஒரு தடவை மக்கில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினோம், வீட்டில் ஆளுக்கு ஒரு ஷிஃப்ட். உணவு அறவே நிறுத்தினோம். தின்னாத மீன் கழிவும் போடாது, மூச்சும் குறைவாக இழுக்கும். ஒன்றுகூடச் சாகவில்லை. இப்போது பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று அலமாரியில் இருக்கிறது.

நோய் வந்தால்

அடிக்கடி வருவது வெண்புள்ளி. ரவையைத் தூவிய மாதிரி உடம்பிலும் துடுப்பிலும் புள்ளிகள். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து எட்டாது. கீழே விழுந்து, பெருகி, மீண்டும் நீந்தி வரும்போதுதான் எட்டும். அதனால்தான் "புள்ளி போயிடுச்சு" என்று மூன்றாம் நாள் நிறுத்தினால் மறுபடி வரும். அயோடின் சேர்க்காத கல் உப்பு, லிட்டருக்கு 2 கிராம், அதாவது 45 லிட்டருக்கு 90 கிராம். ஒரேயடியாகக் கொட்டாமல் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாக. பத்து நாளாவது அப்படியே வைத்து, பிறகு தண்ணீர் மாற்றும்போது மெல்லக் குறைக்கலாம். செடிகள் சிலவும் கோரிடோரஸ் மாதிரி கெளுத்தி வகைகளும் உப்பைத் தாங்காது, அவற்றை முதலில் வேறு டப்புக்கு மாற்றுங்கள்.

மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும், சிலிக்கானையும் நீலமாக்கும். தனி வாளியில் மட்டும். வால் கந்தலாகிறது என்றால் மருந்துக்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள், பாதி நேரம் நாம் இரண்டு வாரம் தண்ணீர் மாற்றாமல் விட்டிருப்போம். உடம்பு உப்பிச் செதில்கள் அன்னாசித் தோல் மாதிரி நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. மற்ற மீன்களைப் பிரித்துக் காப்பது நல்லது.

ஊருக்குப் போகும்போது

நான்கைந்து நாள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், வளர்ந்த மீன் பட்டினி தாங்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் தண்ணீர் மாற்றிவிட்டு, விளக்குக்கு டைமர் போட்டுவிட்டுப் போங்கள். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும். நாங்கள் ஒருமுறை பத்து நாள் திருநெல்வேலி போனபோது டப்பாவையே கொடுத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் தண்ணீர் மோர் மாதிரி, டப்பா காலி. "ஆசையா கேட்டுச்சு, போட்டேன்" என்றார் அந்த அக்கா, பாவம். இப்போதெல்லாம் மூன்று நாளைக்கு ஒன்று வீதம் சிட்டிகை அளவு தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு, டப்பாவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.